பல்லுக்குள் ஒரு சிமென்ட் பூச்சு: நரம்பு திறந்தால் ரூட் கேனல்தானா?

'சொத்தையைச் சுத்தம் பண்ணும்போது நரம்பு திறந்துடுச்சு...'

பல் மருத்துவர் இப்படிச் சொன்னதும், நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருப்பவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பிக்கும். ரூட் கேனலா, எத்தனை ஆயிரம், எத்தனை நாள் லீவு? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் இல்லை. ரூட் கேனல் என்றால் இரண்டு, மூன்று தடவை வரச் சொல்வார்கள். அது முடிந்ததும் மேலே கேப் போட வேண்டும். 'பிடுங்கிடுங்க டாக்டர், இன்னியோட முடிஞ்சுடும்' என்று பலர் சொல்லிவிடுவது இதனால்தான்.

பிடுங்கினால் அன்றோடு முடிவதில்லை என்பது சில வருடம் கழித்துத் தெரியும். பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும், ஒரு பக்கமாகவே மென்று மென்று அந்தப் பக்கமும் தேயும். முப்பது வயதில் கடைவாய்ப் பல்லை இழந்தவர், அடுத்த முப்பது, நாற்பது வருடம் அந்த ஓட்டையோடுதான் சாப்பிட வேண்டும்.

ரூட் கேனலுக்கும் பிடுங்குவதற்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. திறந்த இடத்தில் ஒரு மருந்தை வைத்து மூடி, அதன் மேல் பல்லை அடைத்து, நரம்பை உயிரோடு காப்பாற்றுவது. பல் மருத்துவத்தில் இதற்கு 'பல்ப் கேப்பிங்' என்று பெயர். எல்லாப் பல்லுக்கும் இது பொருந்தாது. பொருந்துகிற பல்லுக்கு, பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ரூட் கேனல், கேப் இரண்டும் சேர்ந்து ஆகிற செலவில் ஒரு பகுதிதான் ஆகும். ஆனால், எந்த மருந்தை வைத்து மூடுகிறார்கள் என்பதில்தான் அந்தப் பல்லின் ஆயுள் இருக்கிறது. இந்த வாரம் அதைப் பற்றித்தான்.

'நரம்பு' என்பது நரம்பு மட்டுமல்ல

பல்லின் வெளியே வெள்ளையாகப் பளபளப்பது எனாமல். அதற்குள்ளே லேசான மஞ்சள் நிறத்தில் டென்டின். அதற்கும் உள்ளே, பல்லின் நடுவில் ஒரு சின்ன அறை. அந்த அறையில் இருக்கும் மென்மையான சதைதான் பற்கூழ். இதில் நரம்பு இருக்கிறது. ரத்தக் குழாய்களும் இருக்கின்றன. டென்டினை உருவாக்கும் செல்களும் இருக்கின்றன. வலியை மட்டும் வைத்து நாம் இதை 'நரம்பு' என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

அந்த டென்டின் உருவாக்கும் செல்கள்தான் இந்தச் சிகிச்சையின் ஆதாரம். ஆரோக்கியமான பற்கூழுக்குத் தன்னைத் தானே மூடிக்கொள்ளும் திறமை இருக்கிறது. திறந்த இடத்தில் சரியான மருந்தை வைத்து, கிருமி உள்ளே போகாமல் அடைத்துவிட்டால், சில வாரங்களில், சில மாதங்களில் அது புதிதாக ஒரு டென்டின் சுவரைக் கட்டிக்கொள்ளும். மருத்துவர்கள் இதை 'டென்டின் பாலம்' என்கிறார்கள். கை முறிந்தால் எலும்பு கூடுவதைப் போலத்தான். மாவுக்கட்டு எலும்பை ஒட்டவைப்பதில்லை, எலும்பு தானே கூடுவதற்கு இடம் கொடுக்கிறது. பல்லுக்குள் வைக்கும் மருந்தும் கிட்டத்தட்ட அந்த வேலையைத்தான் செய்கிறது. கூடவே, 'கட்டு, கட்டு' என்று செல்களைத் தூண்டியும் விடுகிறது.

மருந்துக்கு முன்னால் வலியைக் கேளுங்கள்

எந்த மருந்து என்று பார்ப்பதற்கு முன், இந்தப் பல் அதற்குத் தகுதியானதா என்று பார்க்க வேண்டும். அதற்கு எக்ஸ்ரே அளவுக்கே முக்கியம், உங்கள் வலியின் கதை.

ஐஸ் வாட்டர் குடித்தால் சுருக்கென்று இருக்கிறது, வாயை விட்டுத் தண்ணீர் போனதும் வலியும் போய்விடுகிறது என்றால் பற்கூழ் எரிச்சலில்தான் இருக்கிறது, பிழைக்க வாய்ப்பு அதிகம். சும்மா இருக்கும்போதே வலிக்கிறது, தண்ணீர் குடித்து நிமிஷக்கணக்கில் தெறிக்கிறது, ராத்திரி படுத்ததும் வலி எழுப்பிவிடுகிறது என்றால் வீக்கம் உள்ளே ஆழமாகப் போயிருக்கலாம். அப்போது மேலோட்டமாக மருந்து வைத்து மூடுவது பெரும்பாலும் பலிக்காது. ஈறில் கொப்புளம், சீழ், முகத்தில் வீக்கம் என்று வந்துவிட்டால் பற்கூழ் செத்துவிட்டது என்று அர்த்தம். அங்கே பல்ப் கேப்பிங்குக்கு வேலையில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல். நைட் ஷிப்டில் இருப்பவர்கள் வலியைத் தள்ளிப்போடுவதற்காக மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி, நாலு நாள், பத்து நாள் என்று ஓட்டிவிடுகிறார்கள். மாத்திரை வலியைத்தான் அமுக்குகிறது. சொத்தை அதன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும். 'சுருக்' வலியாக இருந்தபோது வந்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும் பல், ராத்திரி வலியாக மாறிய பிறகு ரூட் கேனலுக்கு வந்துசேர்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போகிறவர்கள், என்ன மாத்திரை, எப்போது போட்டது என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், அந்த நேரத்தில் பல்லைச் சோதித்துக் கிடைக்கும் பதில் தப்பாக இருக்கலாம்.

மருத்துவர் உள்ளே இறங்கிய பிறகு இன்னொரு சோதனை இருக்கிறது, ரத்தம். திறந்த புள்ளியில் ரத்தம் கசியும். மருந்து நனைத்த பஞ்சை வைத்து அழுத்தினால், ஆரோக்கியமான பற்கூழில் சில நிமிடங்களில் நின்றுவிடும். பத்து நிமிடம் வரை பார்த்தும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், உள்ளே வீக்கம் இருக்கிறது என்று பொருள். அப்போது மேலே கெட்டுப்போன பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, அதற்குக் கீழே உள்ள நல்ல பகுதியில் மருந்து வைக்கலாமா என்று பார்ப்பார்கள். இதற்கு 'பல்பாட்டமி' என்று பெயர்.

வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஒரு மருந்து

திறந்த பற்கூழை மூடிப் பார்க்கும் முயற்சி புதிதல்ல. 1756-ல், பிரஷ்ய மன்னர் ஃபிரெடெரிக்கின் பல் மருத்துவரான ஃபிலிப் ஃபாஃப், பற்கூழின் மேல் தங்கத் தகட்டை வைத்து மூடுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். தங்கம் விலை உயர்ந்தது, துருப்பிடிக்காது. ஆனால் பற்கூழைச் சுவர் கட்டச் சொல்லும் சக்தி அதற்கு இல்லை.

அந்தச் சக்தி இருந்தது சுண்ணாம்புக்கு. 1920-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் என்ற பல் மருத்துவர், கால்சியம் ஹைட்ராக்சைடைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். வேதியியல் பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். நீற்றிய சுண்ணாம்புதான் அது. வெற்றிலையில் தடவுவோமே, அதே வேதிப்பொருள். பழவேற்காடு ஏரிப் பக்கம் கிளிஞ்சலிலிருந்து சுண்ணாம்பு எடுத்த கதை திருவள்ளூர் மாவட்டத்தில் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

(அதற்காக வெற்றிலைப் பெட்டியை எடுத்துப் பல்லில் அப்பிவிடாதீர்கள். பல் மருத்துவத்தில் பயன்படுவது சுத்திகரித்து, அளவு பார்த்துத் தயாரித்தது. கடைச் சுண்ணாம்பு ஈறைப் புண்ணாக்கிவிடும், சொத்தைக்குள் இருக்கும் கிருமியை வெளியேற்றவும் செய்யாது.)

சுண்ணாம்பின் காரத்தன்மை மிக அதிகம். பி.ஹெச் கணக்கில் 12-ஐத் தாண்டும். இந்தக் காரத்தில் கிருமிகள் தாக்குப்பிடிக்காது. தொட்ட இடத்தில் பற்கூழின் மேல் அடுக்கு லேசாக வெந்துபோகும். அந்தச் சிறு காயத்துக்குக் கீழே பற்கூழ் விழித்துக்கொண்டு டென்டினைக் கட்ட ஆரம்பிக்கும். பல பத்தாண்டுகளாக உலகம் முழுக்கப் பல் மருத்துவர்களின் முதல் தேர்வு இதுதான். விலையும் மிகக் குறைவு. சின்னச் சின்ன கிளினிக்குகளில்கூட இன்றும் இரண்டு டியூப்பில் வரும் கால்சியம் ஹைட்ராக்சைடு பேஸ்ட் கட்டாயம் இருக்கும்.

குறை எங்கே என்றால், இது காலப்போக்கில் கரைகிறது. பல்லோடு ஒட்டிக்கொள்வதுமில்லை. மேல் அடைப்பில் ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தாலும் எச்சில் உள்ளே போகும், அடியில் இருக்கும் சுண்ணாம்பு மெல்ல மெல்லக் காணாமல் போகும். இன்னொன்று, இதன் கீழே உருவாகும் டென்டின் சுவரில் நிறைய ஓட்டைகள் இருக்கும். சுவர் எழும்பியிருக்கிறது என்று எக்ஸ்ரேயைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம். அந்தச் சுவரிலோ சல்லடை மாதிரி சுரங்கங்கள் இருக்கும். கிருமிக்கு அது போதும்.

கொத்தனாரின் சிமென்ட் பல்லுக்குள் வந்தது எப்படி?

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார், 1824-ல் போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கு நாம் வீடு கட்டப் பயன்படுத்தும் சிமென்ட்டின் ஆரம்பம் அது. கிட்டத்தட்ட 170 வருடம் கழித்து, 1990-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத்தும் அவருடைய குழுவினரும் அந்தச் சிமென்ட்டையே அடிப்படையாக வைத்து ஒரு பல் மருந்தை உருவாக்கினார்கள். மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட் என்பது அதன் முழுப் பெயர். சுருக்கமாக எம்.டி.ஏ.

எம்.டி.ஏ-வின் கலவையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். 100 கிராமில் சுமார் 75 கிராம் சுத்திகரிக்கப்பட்ட போர்ட்லேண்ட் சிமென்ட், 20 கிராம் பிஸ்மத் ஆக்சைடு, 5 கிராம் ஜிப்சம். பிஸ்மத் எதற்கு? எக்ஸ்ரேயில் மருந்து வெள்ளையாகத் தெரிவதற்கு.

சிமென்ட்டின் பெரிய குணம், அது தண்ணீரில்தான் இறுகும். கான்கிரீட் போட்டுவிட்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதை சிப்காட்டில் புது ஷெட் கட்டும் இடத்தில் பார்த்திருப்பீர்கள். பல்லுக்குள்ளும் எப்போதும் ஈரம்தான். ரத்தம், திசு நீர், எச்சில். மற்ற அடைப்புப் பொருட்களுக்கு ஈரம் எதிரி. எம்.டி.ஏ-வுக்கு ஈரம் தேவை. இறுகும்போது என்ன வெளிவருகிறது தெரியுமா? கால்சியம் ஹைட்ராக்சைடு. பழைய சுண்ணாம்பேதான்! ஆக, சுண்ணாம்பு செய்த நல்ல காரியத்தை இதுவும் செய்கிறது. ஆனால் சுண்ணாம்பைப் போலக் கரைந்துபோகாமல், கல்லாக நின்று அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது. இதன் கீழே எழும்பும் டென்டின் சுவர் தடிமனாகவும், ஓட்டை குறைவாகவும் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இதிலும் குறை உண்டு. முழுமையாக இறுக இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் சிலர் ஈரப் பஞ்சு வைத்துத் தற்காலிகமாக அடைத்து, இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். கலப்பதும் வைப்பதும் கஷ்டம், ஈர மணல் மாதிரி இருக்கும். பெரிய குறை, நிறம். பிஸ்மத் ஆக்சைடு காலப்போக்கில் கறுத்து, பல்லைச் சாம்பல் நிறமாக்கிவிடக்கூடும். வெள்ளை எம்.டி.ஏ என்று ஒன்று வந்த பிறகும் இந்தப் பிரச்னை முழுசாகத் தீரவில்லை. கடைவாய்ப் பல்லில் யாரும் பார்க்கப் போவதில்லை. முன்பல்லில், அதுவும் கல்யாணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வயதில் என்றால் யோசிக்க வேண்டும்.

கொஞ்சம் விலையும் அதிகம். சின்னப் பொட்டலமாக வரும். பிரித்துவிட்டால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் சிமென்ட் மூட்டை கட்டி தட்டிப்போவது போலத்தான்.

இதைப் படித்துவிட்டு, 'அப்போ கடையில் விற்கும் சிமென்ட்டையே வைத்துவிடலாமே' என்று யாராவது கேட்கக்கூடும். கூடவே கூடாது. கட்டட சிமென்ட்டில் ஆர்செனிக் உள்ளிட்ட அசுத்தங்கள் இருக்கலாம், துகள் அளவு வேறு, கிருமி நீக்கமும் செய்யப்பட்டதில்லை.

12 நிமிடத்தில் இறுகுவது

எம்.டி.ஏ-வின் மெதுவான வேகத்துக்கும் நிறத்துக்கும் மாற்றாக, 2010-ஐ ஒட்டிய வருடங்களில் பயோடென்டின் வந்தது. பிரான்ஸைச் சேர்ந்த செப்டோடான்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. இதுவும் கால்சியம் சிலிகேட் சிமென்ட்தான். ஆனால் பிஸ்மத்துக்குப் பதில் ஜிர்கோனியம் ஆக்சைடு, அதனால் கறுக்கும் பயம் மிகக் குறைவு. சீக்கிரம் இறுகுவதற்காகக் கால்சியம் குளோரைடு சேர்த்திருக்கிறார்கள். குப்பியில் இருக்கும் பவுடரில் சில சொட்டு திரவத்தை விட்டு, குலுக்கும் இயந்திரத்தில் 30 விநாடி வைத்தால் கலவை தயார். சுமார் 12 நிமிடத்தில் இறுகிவிடும்.

லீவு எடுக்க முடியாதவருக்கு இந்த 12 நிமிடம் பெரிய விஷயம். காலையில் ஷிப்ட் முடித்து நேராக கிளினிக் வந்தால், மருந்தும் அடைப்பும் ஒரே தடவையில் முடிய வாய்ப்பு உண்டு. ஒரு குப்பியைத் திறந்தால் ஒரு நோயாளிக்குத்தான் என்பதால் விலை கூடுதலாக இருக்கும்.

இது தவிர, நீல ஒளியைப் பாய்ச்சி உடனே இறுக வைக்கும், ரெசின் கலந்த கால்சியம் சிலிகேட் மருந்துகளும் புழக்கத்தில் இருக்கின்றன. டாக்டருக்கு வசதி அதிகம். பற்கூழுக்கு மேல் மெல்லிய டென்டின் மிச்சம் இருக்கும் இடத்தில் இவற்றைப் பயன்படுத்தலாம். நேரடியாகத் திறந்த பற்கூழின் மேல் வைக்கும்போது, ரெசின் கலக்காத எம்.டி.ஏ, பயோடென்டின் அளவுக்கு இவை நன்றாக வேலை செய்வதில்லை.

எவ்வளவு வித்தியாசம்?

விலை வித்தியாசத்துக்கு ஏற்ற பலன் இருக்கிறதா என்பது நியாயமான கேள்வி. 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஓரளவு தெளிவான பதிலைத் தருகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் நடந்ததல்ல. 35 சாதாரண பல் கிளினிக்குகளில், 376 பேருக்கு நடந்தது. பாதிப் பேருக்குக் கால்சியம் ஹைட்ராக்சைடு, மீதிப் பேருக்கு எம்.டி.ஏ. இரண்டு வருட முடிவில் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்தவர்களில் 31.5 சதவிகிதம் தோல்வி. எம்.டி.ஏ-வில் 19.7 சதவிகிதம்.

எம்.டி.ஏ ஜெயித்திருக்கிறது, சரி. ஆனால் அதிலும் ஐந்தில் ஒரு பல் தோற்றிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனவே, 'நூறு சதவிகிதம் கேரண்டி' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. மலிவான சுண்ணாம்பு வைத்தும், மூன்றில் இரண்டு பங்குப் பற்கள் இரண்டு வருடம் தாண்டியிருக்கின்றன. கிளினிக்கில் எம்.டி.ஏ இல்லை, கையில் காசும் இல்லை என்பதற்காக யாரும் நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

ஐரோப்பிய எண்டோடான்டிக் சங்கம் 2019-ல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, திறந்த பற்கூழுக்குக் கால்சியம் சிலிகேட் வகையைத்தான், அதாவது எம்.டி.ஏ, பயோடென்டின் போன்றவற்றைத்தான், பரிந்துரைக்கிறது. அதே அறிக்கையில் நோயாளிகள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தி இருக்கிறது. ஆழமான சொத்தையில், பற்கூழுக்கு மிக நெருக்கமாக இருக்கும் மெத்தென்ற டென்டினை முழுக்கச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. கொஞ்சம் விட்டுவிட்டு, மேலே நன்றாக அடைத்துவிடலாம். நரம்பு திறக்காமலே பார்த்துக்கொள்வதுதான் முதல் வெற்றி. 'சொத்தையை முழுசா எடுக்காம விட்டுட்டாரே' என்று டாக்டர் மேல் சந்தேகப்படுகிறவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எலிகள் சொன்ன ரகசியம்

மருந்தைப் பற்றி இவ்வளவு பேசியாகிவிட்டது. 1965-ல் நடந்த ஒரு பரிசோதனையைச் சொல்லாவிட்டால் எல்லாம் பாதிதான். ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள், இரண்டு வகை எலிகளின் பற்களில் ஓட்டை போட்டுப் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். ஒரு வகை, சாதாரண எலிகள். இன்னொரு வகை, உடலில் கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்டவை. எந்த மருந்தும் வைக்கவில்லை, ஓட்டையை அடைக்கவும் இல்லை. சாதாரண எலிகளின் பற்கூழ் செத்துப்போனது. கிருமியில்லாத எலிகளின் பற்கூழ், உள்ளே உணவுத் துணுக்கு சிக்கியிருந்தும், டென்டின் பாலம் கட்டிக்கொண்டது.

அதாவது, எதிரி கிருமிதான். எந்த விலை உயர்ந்த மருந்தாக இருந்தாலும், மேலே போடும் நிரந்தர அடைப்பு கசிந்தால் எல்லாம் வீண். சிகிச்சையின்போது பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டுகிறார்களா என்று பாருங்கள். மூச்சு முட்டுவது போலத் தோன்றும், சிலர் 'கழட்டுங்க டாக்டர்' என்பார்கள். எச்சில் உள்ளே போகாமல் காப்பது அதுதான். பொறுத்துக்கொள்ளுங்கள். தற்காலிக அடைப்போடு அனுப்பினால், சொன்ன தேதியில் கட்டாயம் போய் நிரந்தர அடைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். வலி போய்விட்டது என்று பாதியில் நிறுத்துகிறவர்களின் பல்தான் பெரும்பாலும் திரும்பி வருகிறது.

ஆறு வயதுப் பல்

பெற்றோர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. குழந்தைக்கு ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பால் பல்லும் விழாமல், சத்தமில்லாமல் வரும். அதனால் 'இதுவும் பால் பல்தான், விழுந்துவிடும்' என்று விட்டுவிடுகிறோம். அது நிரந்தரப் பல். வாழ்நாள் முழுக்க அதற்கு மாற்று கிடையாது.

முளைத்து மூன்று வருடம் வரை அந்தப் பல்லின் வேர் நுனி மூடாமல், வளர்ந்துகொண்டே இருக்கும். வேரை வளர்ப்பது பற்கூழ். அது செத்தால் வேர் பாதியில் நின்றுவிடும். சுவர் மெல்லிசாகி, பின்னாளில் கடித்தால் உடையும். எனவே எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைக்கு நிரந்தரப் பல்லில் நரம்பு திறந்தால், முடிந்தவரை பற்கூழைக் காப்பாற்றவே மருத்துவர் பார்ப்பார். அந்த வயதில் பற்கூழுக்கு ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கும். நல்ல மருந்துக்குச் செலவு செய்ய யோசிக்கக் கூடாத இடம் எது என்று கேட்டால், இதுதான். பால் பற்களில் கதை வேறு. அங்கே சொத்தையால் திறந்த பற்கூழை நேரடியாக மூடுவதைவிட, மேல் பகுதியை நீக்கும் பல்பாட்டமிதான் வழக்கம்.

விழுந்து உடைந்தால்

சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்தோ, தொழிற்சாலையில் கம்பி தெறித்தோ முன்பல் உடைந்து, நடுவில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் அதுவும் திறந்த பற்கூழ்தான். சொத்தை இல்லாத, சுத்தமான பல் என்பதால் இங்கே வாய்ப்பு இன்னும் அதிகம். ஸ்வீடனைச் சேர்ந்த மியோமிர் ச்வெக் 1978-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி உடைந்த 60 முன்பற்களில் மேல் பற்கூழைக் கொஞ்சம் நீக்கி, சுண்ணாம்பு மருந்தே வைத்து, 96 சதவிகிதத்தைக் காப்பாற்றியிருக்கிறார். உடனே போவது நல்லது. ஆனால் ஒரு நாள், இரண்டு நாள் தாமதமாகிவிட்டது என்பதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம். உடைந்த துண்டு கிடைத்தால் தண்ணீரில் போட்டு எடுத்துப் போங்கள், சில நேரம் அதையே திரும்ப ஒட்டிவிடுவார்கள். அமிலப் புகையில் வேலை செய்பவர்களுக்கு முன்பல்லின் எனாமல் மெல்ல அரிந்துபோகும் என்பதையும் இதோடு நினைவில் வைக்க வேண்டும். மாஸ்க் அவர்களுக்கு நுரையீரலுக்காக மட்டுமல்ல.

கிராம்புத் தைலம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அதில் உள்ள யூஜினால், பற்கூழ் மூடியிருக்கும் வரை வலியைத் தணிக்கும். திறந்த பற்கூழில் நேரடியாகப் பட்டால் அந்தச் செல்களுக்கு நஞ்சு. வலிக்கும் பல்லின் பக்கத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை அடக்கிக்கொள்வது ஈறைச் சுட்டுவிடும்.

எங்கே போவது?

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டைகளில் வேலை செய்பவர்களில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, நிறுவனம் அந்தத் திட்டத்துக்குள் வந்தால், ஈ.எஸ்.ஐ உண்டு. சம்பளத்தில் 0.75 சதவிகிதம் உங்களிடமிருந்து பிடிக்கிறார்கள், 3.25 சதவிகிதம் முதலாளி கட்டுகிறார். பிடித்தம் நடக்கிறதா என்று பே ஸ்லிப்பில் பாருங்கள். உங்கள் ஈ.எஸ்.ஐ மருந்தகத்தில், பல் பிரிவு எங்கே இருக்கிறது, பரிந்துரைக் கடிதம் எப்படி வாங்குவது என்று கேளுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை பார்ப்பவர்களுக்கும் இதே உரிமை உண்டு. பலருக்குக் கையில் அட்டை இருப்பதே தெரியாது. பக்கத்து மெஷினில் இருப்பவர் சொன்னால்தான் உண்டு.

திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சிறப்புச் சிகிச்சை தேவைப்பட்டால், சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாக ஆரம்பித்தது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் சென்ட்ரல் பக்கம் இறங்கினால் அங்கிருந்து கிட்டத்தான். காலை புற நோயாளிகள் பிரிவுக்குச் சீக்கிரம் போக வேண்டும், கூட்டம் இருக்கும். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கிளினிக்கைவிடக் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள். அங்கே மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் நேரம் கூட ஆகும், வேலை நிதானமாக நடக்கும்.

எங்கே போனாலும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: 'நரம்பு திறந்துட்டா என்ன பண்ணுவீங்க டாக்டர்? நரம்பைக் காப்பாத்த வாய்ப்பு இருக்கா? என்ன மருந்து வைப்பீங்க?' ஊசி போட்டு வாய் மரத்துப்போன பிறகு கேட்க முடியாது. முன்பல்லாக இருந்தால், நிறம் மாறுமா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

மருந்து வைத்த சில நாள் குளிர்ச்சிக்குக் கூச்சம் இருக்கலாம், அது குறைந்துகொண்டே வர வேண்டும். கூடிக்கொண்டே போனால், ராத்திரி வலி ஆரம்பித்தால், உடனே திரும்பப் போங்கள். வலியே இல்லாவிட்டாலும் ஆறு மாதத்தில் ஒரு தடவை, ஒரு வருடத்தில் ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பற்கூழ் சில நேரம் சத்தமில்லாமல் செத்துப்போகும், எக்ஸ்ரேயில் வேர் நுனியில் ஒரு கறுப்பு நிழலாகத்தான் அது தெரியவரும். எந்தப் பல்லில், எந்தத் தேதியில், என்ன மருந்து வைத்தார்கள் என்று மருத்துவரையே ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறி, ஊர் மாறி, ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேறொரு டாக்டர் அந்தப் பல்லைப் பார்க்கும்போது, அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.